தம்பி பேரில் கிண்டிய லேகியம்

அந்த வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறப்பான், இல்லாவிட்டால் ஒரு சின்னம்மா வருவாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். இரண்டில் எது கிடைத்தாலும் எனக்குச் சம்மதம்தான். இரண்டுமே கிடைத்தால் இன்னும் விசேஷம் என்று நினைத்துக்கொண்டேன். ஒற்றைப் பெண்ணாக வளர்கிறவளுக்கு வீட்டில் ஆள் சேருவதைவிட வேறென்ன சந்தோஷம்? கடைசியில் தம்பியும் வரவில்லை, சின்னம்மாவும் வரவில்லை. அத்தை மட்டும் வந்தாள்.

யுத்த காலம் அது. குண்டு விழும் என்று பயந்து ஊரை விட்டு ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த வீடுகளைப் பெருக்கிக் குடியேறிக்கொண்டிருந்தார்கள். மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், நாலைந்து குடித்தனங்கள் இருந்த வீட்டில் பின்கட்டு எங்களுடையது. அப்பா டிராம் கண்டக்டர். விடிவதற்கு முன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டுக் கால் வீங்கித் திரும்புவார். அம்மாவுக்கு வயிறு வீங்கியிருந்தது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் களைப்பில்லாத ஜீவன் நான் ஒருத்திதான்.

அம்மாவுக்கு வயிறு ஏற ஏற மற்ற உடம்பு இளைத்துக்கொண்டே போனது. கிணற்றடியில் ஒரு குடம் தண்ணீர் இறைத்தால் குடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாதாமாதம் ஒதுங்குவதும் நின்றுபோயிருந்தது. ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கிற வீட்டில் இதற்கு மேல் யாருக்கும் அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. முன்கட்டு அம்மாள் உப்பு மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய்ப் பத்தைகளைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்து, வயிறு முன்தள்ளியிருக்கிற தினுசைப் பார்த்தால் பையன்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனாள். அம்மாவே அதை நம்பினாள். எனக்குப் பிறகு இத்தனை வருஷம் ஒன்றும் தங்காமல் இருந்தவள் அவள். பழைய புடவைகளைச் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசி, மடித்துப் பெட்டியில் வைத்தாள். மடிக்கும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் தெம்பு தெரியும்.

சின்னம்மா விஷயம் பெரியப்பாவுடையது. அப்பாவின் அண்ணன். தேனாம்பேட்டையில் விறகுத்தொட்டி, அதாவது விறகுக்கடை, வைத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாத அப்பாவைத் தோளில் போட்டு வளர்த்தவர். அவர் எதிரில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெரியப்பாவுக்கு எல்லாம் பெண்கள். தம்பிக்காவது ஓர் ஆண்பிள்ளை இருந்தால் தொட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடலாம் என்பது அவர் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, செங்கல்பட்டில் ஒரு பெண் இருப்பதைப் பற்றி நிதானமாகச் சொல்லுவார். அம்மாவை வைத்துக்கொண்டேதான் சொல்லுவார். ஒளிவு மறைவு அவருக்குப் பிடிக்காது. இவளைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை, இவள் பாட்டுக்கு இவளும் இருக்கட்டும் என்பார். அம்மா காப்பியை வைத்துவிட்டு உள்ளே போவாள். பெரியப்பா என்னைப் பக்கத்தில் இழுத்து, சின்னம்மா வந்தால் உனக்குத் தினமும் தலை பின்னி விடுவாள் என்று ஆசை காட்டுவார். அம்மாவின் கைகள் அப்போதெல்லாம் பாதிப் பின்னலிலேயே ஓய்ந்துவிடும். ஆகவே எனக்குச் சின்னம்மா வந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

அம்மாவின் வயிறு பற்றிக் கேள்விப்பட்டதும் பெரியப்பா அந்தப் பேச்சை நிறுத்திவைத்தார். சித்திரை வரைக்கும் பார்ப்போம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சித்திரை வருவதற்கு முன்னாலேயே அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வயிறு இவ்வளவு பெரிதாகியும் பிள்ளை அசையவில்லை. யாரிடமும் சொல்லாமல் சைதாப்பேட்டை அத்தைக்கு மட்டும் ஆள் அனுப்பினாள். அத்தை அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. துணி மூட்டையோடு அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தாள். அத்தை அப்படித்தான். எப்போது கூப்பிட்டாலும் வருவாள், எத்தனை மாதம் இருந்தாலும் அவளைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். சைதாப்பேட்டை வீட்டில் மாமாவுக்குச் சமைத்துப் போட இன்னோர் அம்மாள் இருந்தாள். அந்த அம்மாளின் குழந்தைகள் எங்கள் அத்தையைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள். அத்தைக்கு எவ்வளவு சௌகரியம், எவ்வளவு கலகலப்பான வீடு என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் டிராமில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பாவின் டிராமே வந்தது. சொந்தப் பெண்சாதிக்கும் அக்காவுக்கும் மற்றவர்களைப் போலவே டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அப்பா முன்பக்கம் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா அம்மாவை உள்ளே வெகுநேரம் வைத்துக்கொண்டாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றில் இருப்பது பிள்ளை இல்லை, சூல்பையில் வளர்ந்த கட்டி என்றும், கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றும், இவ்வளவு குறைவான ரத்தத்தோடு கத்தி வைத்தால் தாங்காது, முதலில் உடம்பைத் தேற்றிக்கொண்டு வரவேண்டும் என்றும் உள்ளே சொன்னார்களாம். எனக்கு அது ஒன்றும் தெரியாது. வெளியே வந்த அம்மா தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தாள். அழுகிற தெம்புகூட இல்லை அவளுக்கு. தம்பி எப்போது வருவான் என்று நான் கேட்டேன். "வருவான், வருவான். மொதல்ல உங்கம்மா ஒடம்புல ரத்தம் ஊறட்டும்" என்றாள் அத்தை.

ரத்தம் ஊற வைக்கிற வேலை தொடங்கியது. அத்தை மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கி வருவாள். மிளகு போட்டு வதக்கி அம்மா எதிரில் வைத்துக்கொண்டு, அவள் விழுங்குகிற வரைக்கும் நகர மாட்டாள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்பு டானிக் எல்லாம் நாள் தவறாமல் உண்டு. அம்மா ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொள்வாள். சாப்பிடுவதே ஒரு வேலையாகிப் போய், அந்த வேலை முடிந்ததும் படுத்துக்கொள்வாள். தம்பிக்காக இவ்வளவு பாடா என்று அலுப்பாக இருந்தது எனக்கு. ஈரலில் எனக்குப் பங்கு கிடையாது என்பதும் ஒரு குறை. எடுக்கப்போகும் கட்டிக்குத் தீனி போடுகிறோமோ என்று அம்மா ஒருநாள் அத்தையிடம் கேட்டதாகப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதற்கு அத்தை இன்னொரு துண்டை ஊட்டினாளாம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அம்மாவைச் சேர்த்தார்கள். விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவினார்கள். நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். மூக்குத்தி வந்துவிட்டது. மெட்டி சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகு வந்தது. தாலியைத்தான் கழற்ற மாட்டேன் என்று அம்மா கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். நர்ஸம்மா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அத்தைதான் ஒரு வழி சொன்னாள். தாலிக்கயிற்றைக் கழுத்திலிருந்து எடுத்து, அம்மாவின் கையில் சுற்றி, அதன்மேல் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியைப் போட்டு நர்ஸே கட்டினாள். காயமே இல்லாத கையில் கட்டோடு அம்மா படுத்திருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அம்மா அந்தக் கையை மார்பில் வைத்துக்கொண்டு, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அப்பா லீவு போட்டிருந்தும் பழக்கதோஷத்தில் காக்கிச் சட்டையையே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் மூவரும் வராந்தாவில் காத்திருந்தோம். மூக்கைத் துளைக்கிற மருந்து நெடி கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது. வெயில் தூணைத் தாண்டி எங்கள் காலடிக்கு வந்தபோது கதவு திறந்தது. ஒரு நர்ஸ், வெள்ளைத் துணி போட்டு மூடிய பீங்கான் பேசினை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பாவிடம் நின்று, அம்மா பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டு, துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். அப்பா பார்த்தார். தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தை என்னைத் தன் வயிற்றோடு சேர்த்து இழுத்து மறைத்தாள். ஆனாலும் அவள் கை இடுக்கு வழியாக அந்தப் பேசின் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பியா அத்தை அது?" என்று கேட்டேன்.

அத்தை என் முகத்தையே பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு, "ஆமாண்டி கண்ணு" என்றாள்.

அப்பா தலையைத் தூக்கினார். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "நீ ஒண்ணியும் சொல்லவேணாம். உனக்குப் பொய் வராது. வாயைத் தொறக்காம உன் டிராமுக்குப் போய்க்கினு இரு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றாள் அத்தை.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றி எனக்கு அதிகம் நினைவில்லை. இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள் என்பதும், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, நனைத்த பஞ்சை மட்டும் உதட்டில் தடவினார்கள் என்பதும் நினைவிருக்கிறது. வீட்டுக்கு ரிக்‌ஷாவில் கூட்டிவந்தோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அத்தை ரிக்‌ஷாக்காரரிடம் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சந்துமுனையில் இறக்கியபோது அம்மாவின் வயிறு தட்டையாக இருந்தது. அத்தையின் கையில் துணி மூட்டை மட்டும்தான் இருந்தது. வாசலில் நின்ற முன்கட்டு அம்மாள் வயிற்றைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அன்று சாயங்காலம் அத்தை வாசலுக்குப் போய்ப் பூக்காரியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். எல்லாக் குடித்தனமும் பார்க்க, முழம் முழமாக மல்லிகைப்பூ வாங்கினாள். எனக்குத்தான் என்று நான் தலையைக் காட்டினேன். அத்தை என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். காலையில் அந்தப் பூவெல்லாம் வாடிக் கசங்கி, வாசல் குப்பையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரிக் கிடந்தது. மறுநாளும் வாங்கினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள் என்பது அந்த வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். முன்கட்டு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தை யாரிடமும் எதையும் சொல்லவே இல்லை. பூ வீணாகிறதே என்று நான்தான் அடித்துக்கொண்டேன்.

அடுத்தது லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் போட்டு, நெய் விட்டு அத்தை கிண்டிய வாசனை சந்துமுனை வரைக்கும் போனது. சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் இருந்த நாளில் அவள் எங்கேயோ போய் நல்ல வெல்லமாகத் தேடிப்பிடித்து வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற பத்தியம் ஒன்று விடாமல் நடந்தது. பூண்டுக் குழம்பு கொதித்தது. சாம்பிராணி போட்டாள். அம்மா தம்பிக்காகக் கிழித்து மடித்து வைத்திருந்த துணிகளை ஒட்டுப்போட்டு, அதையே அம்மாவின் வயிற்றில் சுற்றிக் கட்டினாள். "இதெல்லாம் இன்னாத்துக்கு அண்ணி?" என்று அம்மா ஒருதரம் கேட்டாள். பேசாமல் படுத்திருக்கச் சொன்னாள் அத்தை. அதற்குமேல் கேட்க அம்மாவுக்குச் சக்தி இல்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வதும், தூங்குவதும், விழித்து என்னைப் பார்ப்பதும், மறுபடி தூங்குவதுமாக இருந்தாள்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் கண்டுபிடித்துவிட்டேன். காலையில் அத்தை ஓர் இலையில் லேகிய உருண்டையை வைத்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து எல்லோரும் பார்க்க உள்ளே வருவாள். வந்ததும் கதவைச் சாத்துவாள். டாக்டரம்மா சொன்ன கஞ்சியையும் பாலையும் அம்மாவுக்கு ஸ்பூனால் கொடுப்பாள். காரமே கூடாதென்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்களாம். லேகியத்தை வாயில் போட்டுக்கொள்வது அத்தைதான். பூண்டுக் குழம்புச் சோற்றையும் அவளேதான் தின்றாள். சீக்காளிக்குச் செய்ததை ஒளித்துத் தின்கிறாளே, இப்படியும் ஒரு தீனிப்பண்டாரமா என்று அத்தையைப் பற்றி நான் மனசுக்குள் மட்டமாக நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல், அம்மா படுத்திருந்த அறைவாசலில் நின்றார். அப்பா வழக்கம்போல் அவருக்குப் பின்னால் நின்றார். கொல்லைப்பக்கம் நழுவிப் போகலாமா என்று பார்ப்பவரைப் போல இருந்தது அப்பாவின் முகம்.

"ஆம்பளப் பிள்ளைதான் அண்ணா. தங்கல" என்றாள் அத்தை.

பெரியப்பா லேசில் நம்புகிற ஆள் இல்லை. பச்சை விறகைக் காய்ந்த விறகென்று அவர் தலையில் கட்ட யாராலும் முடிந்ததில்லை. அந்த ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துக் கட்டி எடுக்கிறார்கள் என்று தொட்டிக்கு வந்த யாரோ சொன்னதாகச் சொன்னார். அத்தை வாயைத் திறப்பதற்குள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ கூடவே இருந்தியாமே. தம்பியப் பார்த்தியா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கண்ணைத் திறந்தாள். அத்தையின் கை தன் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

"பார்த்தேன் பெரியப்பா. பேசின்ல வெச்சு, வெள்ளத் துணி போட்டு மூடி எடுத்துக்கினு போனாங்க. அப்பா தொறந்து பார்த்துட்டு அழுதாரு" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தம்பிக்காக நான் அதுவரை அழவே இல்லையே என்று தோன்றியது. தேம்பித் தேம்பி அழுதேன்.

பெரியப்பா துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தார். பிறகு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். மேற்கொண்டு எப்படி என்று அத்தையைக் கேட்டார். உள்ளே ரணமாக இருக்கிறது, இரண்டு மூன்று வருஷம் போகட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருப்பதாக அத்தை சொன்னாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. பெத்துக்கறவ பெத்துக்கட்டும். இப்ப அந்தப் பேச்சு வேணாம்" என்று அப்பாவிடம் சொன்னார். நன்றாகச் சாப்பிடும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். செங்கல்பட்டுப் பெண்ணுக்கு அந்த ஆவணியிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. இரண்டு வருஷம் நான்கு வருஷமாயிற்று. பெரியப்பா தன் மகள் வயிற்றுப் பேரனைத் தொட்டியில் உட்கார வைத்தார். பிறகு யாரும் எங்கள் வீட்டில் எதையும் கேட்கவில்லை. அம்மா தன் வீட்டில் இன்னொருத்தி வராமல் தனி ஒருத்தியாகவே கடைசிவரை இருந்தாள்.

இறந்துபோன தம்பிக்காக நான் பல வருஷம் துக்கப்பட்டேன். இருந்திருந்தால் இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருப்பான் என்றெல்லாம் சொல்லுவேன். அம்மா மறுத்துச் சொன்னதே இல்லை. எனக்குத் தலைப்பிரசவம் ஆகி, அம்மா எனக்கு லேகியம் கிண்டிய அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அப்போது அத்தை உயிரோடு இல்லை.

பெரியப்பா போன அன்று மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா அவரை டிராம் ஏற்றிவிடப் போயிருந்தார். அம்மா தூங்கிவிட்டாள், பல மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். நான் அடுப்படிக்குப் போனேன். அத்தை உருளியை மடியில் சாய்த்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்த கடைசி லேகியத்தை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்க்க யாரும் இல்லை, ஏமாற்ற யாரும் இல்லை, ஆனாலும் தின்றுகொண்டிருந்தாள். மெதுவாக, ருசி பார்ப்பவளைப் போல. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட தைரியத்தில் எனக்கும் வேண்டும் என்றேன். பக்கத்தில் உட்கார வைத்து ஒரு விரல் வழித்து என் நாக்கில் தடவினாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். "காரம்டி" என்றாள்.

எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. அந்த லேகியம் பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் கொடுப்பது என்று எனக்குத் தெரியும். அத்தைக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை, அதனால்தான் சைதாப்பேட்டை வீட்டுக்கு இன்னோர் அம்மாள் வந்தாள் என்பதும் பெரியவர்கள் பேசிக் காதில் விழுந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை.